சுவருக்குப் பின்னால் சிரித்தவன்

கல்லூரிப் பெண்கள் விடுதியில் பூட்டு மாற்ற வேண்டியிருந்தால் டுவைட் ஹாஸ்லர் நேராக உள்ளே போய்விட மாட்டான். வாசலில் நின்று கதவைத் தட்டுவான். "பூட்டு வேலைக்கு வந்திருக்கேன்" என்று குரல் கொடுப்பான். பொறுத்திருந்து மறுபடி தட்டுவான். விடுதிப் பொறுப்பில் இருக்கும் பெண் ஒருத்தி வந்து, கூடவே நடந்து, வேலை முடியும்வரை பக்கத்தில் நின்றால்தான் கருவிப் பெட்டியைத் திறப்பான். பராமரிப்புப் பிரிவில் இதற்காக அவனைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது.

"சர்ச்சுக்குள்ள போறதுக்குக்கூட இவன் இவ்வளவு யோசிக்கமாட்டான்டா," என்பார் மேலாளர் ரஸ். "ஒரு பூட்டு மாத்த அரை நாளு!"

"பூட்டு எங்க ஓடிடப்போகுது, ரஸ்?" என்பான் டுவைட்.

போன மார்ச்சில் அவன் இறந்தபோது எங்கள் வெக்ஸ்லி ஊர்ப் பத்திரிகை இந்தப் பழக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவனுடைய சிரிப்பைப் பற்றி எழுதியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் அதே கல்லூரியில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கீழே வருவதில் சிலவற்றை நேரில் பார்த்தேன், மற்றவற்றை டுவைட்டே என்னிடம் சொன்னான். அவன் மகள் ஜோலின் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தினாள். சம்பந்தப்பட்ட இன்னொரு பெண்ணிடம் அனுமதி கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். ஆகவே அவருடைய பெயரையும், பிறகு அவர் போய்ச் சேர்ந்த ஊரையும் எழுதவில்லை. இதில் வரும் சினிமாப் படத்தின் பெயரையும் அதே காரணத்துக்காக விட்டிருக்கிறேன்.

எண்பதுகளில் வரிசையாக வந்தனவே, பையன்கள் பீப்பாய் பீப்பாயாக பீர் குடித்து, டீனின் காரைக் குளத்தில் தள்ளி, பெண்கள் குளிக்கும் இடத்தை எட்டிப் பார்க்கும் கல்லூரிப் படங்கள், அவற்றில் ஒன்று எங்கள் கல்லூரியில் எடுக்கப்பட்டது. 1983 என்று ஊரில் பலர் சொல்வார்கள். அது படம் வெளிவந்த ஆண்டு. எடுத்தது 1982 ஜூலையில். மாணவர்கள் கோடை விடுமுறையில் போயிருந்தார்கள். கல்லூரிக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. கதையை யாரும் முழுதாகப் படித்துப் பார்க்காமல் இடத்தை வாடகைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

டுவைட்டுக்கு அப்போது இருபத்தோரு வயது. ஊர்ப் பையன். பள்ளிக்கூடம் முடித்ததும் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்திருந்தான். படக்குழுவுக்குக் கதவு திறந்து விடவும் மூடவும் அவனை அனுப்பினார்கள். அவனுக்குக் காதுகள் பெரியவை. இயக்குநர் முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு அவனைக் 'காதா' என்று கூப்பிட ஆரம்பித்தார். மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு வேடமும் கொடுத்தார். பழைய உடற்பயிற்சிக் கூடத்தின் குளியலறைச் சுவரில் இரண்டு பையன்கள் துளை போட்டு எட்டிப் பார்ப்பார்கள். துப்புரவுப் பையன் ஒருவன் வாளியோடு வந்து அவர்களை அதட்டி விரட்டிவிட்டு, தானே துளையில் கண்ணை வைப்பான். அந்தத் துப்புரவுப் பையன்தான் டுவைட்.

சுவருக்கு மறுபக்கம் நிற்க ஒரு மாணவி ஒப்புக்கொண்டிருந்தாள். இருபத்தோரு வயது, கடைசி ஆண்டுக்குப் போகவேண்டியவள். கோடைக்கு ஊரிலேயே தங்கி ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இயக்குநர், காமிராக்காரர், ஒப்பனை செய்யும் பெண்மணி தவிர வேறு யாரும் கட்டடத்துக்குள் இருக்கக்கூடாது. ஊர்க்காரர்கள் கூடவே கூடாது. அப்படிப்பட்ட காட்சிகளை வெளியாட்களை விலக்கிவிட்டு எடுப்பதுதான் அந்தத் தொழிலில் முறை. எட்டிப் பார்ப்பவன் முகத்தை வேறொரு நாள் வெறும் சுவரைப் பார்க்க வைத்து எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். இயக்குநர் சரி என்றார்.

அன்று காலை டுவைட் முன்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவள் அங்கியைப் போர்த்திக்கொண்டு தாழ்வாரத்தில் வந்து நின்றாள்.

"எல்லாக் கதவையும் பூட்டிட்டியா, டுவைட்?"

"பூட்டிட்டேன். சாவி என்கிட்டதான்."

"கடைக்கு வர்ற பசங்க ரெண்டு பேரு காலைலேர்ந்து வெளிய சுத்திக்கிட்டு இருக்கானுங்க."

"ஒருத்தனும் உள்ள வரமாட்டான். நான் பாத்துக்கிறேன்."

"ரொம்ப தேங்க்ஸ். வாசல்ல நீ இருக்கேன்னுதான் எனக்குத் தைரியமே."

அவன் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் இயக்குநர் கட்டடத்தின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"காதா, எழுந்திரு. பின்னாடி கொதிகலன் அறைக் கதவைத் திற. ரெண்டாவது காமிராவை அங்க வெக்கப்போறேன். நீயும் வா."

"நானா? நாளைக்குன்னு சொன்னீங்களே."

"நாளைக்கு வெறும் சுவரைப் பாத்தா உன் மூஞ்சி செத்த மீன் மாதிரி இருக்கும். இன்னைக்கே வேணும்."

"ஊர்க்காரங்க யாரும் கூடாதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க, சார்."

"நீ ஊர்க்காரன் இல்லடா. இப்ப நீ நடிகன்."

"அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமா இருந்துச்சு," என்று டுவைட் பல ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் சொன்னான். "அவரு என்னைக் கட்டாயப்படுத்தல. கதவை நான்தான் திறந்தேன்."

கொதிகலன் அறைச் சுவருக்கு மறுபக்கம்தான் குளியலறை. அவன் துளையில் கண்ணை வைத்தான். அந்தப் பக்கம் அவளுக்குக் கால் வழுக்கியது. கதையில் இல்லாத வழுக்கல். கைகளை விரித்து, தொப்பென்று உட்கார்ந்தாள். சோப்பு பறந்து போய்க் காமிராக்காரர் மேல் விழுந்தது. டுவைட் சிரித்துவிட்டான். அவனுடைய சிரிப்பு வேறு யாருக்கும் வராது. மூக்கில் ஒரு சீறலாகத் தொடங்கி, மூச்சு உள்ளே இழுபட்டு, கழுதை கத்துவதுபோல ஏறி இறங்கும். அவள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"யாரது?"

"குழாயில காத்தும்மா," என்றார் அதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டிருந்த இயக்குநர். "அதைக் கண்டுக்காத. ரொம்பப் பிரமாதமா விழுந்த."

அடுத்த ஏப்ரலில் படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. ஊரே போனது. என் மனைவி பத்து நிமிடத்தில் எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். நான் கடைசிவரை பார்த்தேன். அந்தக் காட்சியில் வழுக்கல் இருந்தது. சிரிப்பு இருந்தது. "யாரது" என்று கேட்டதை எடுத்துவிட்டு, அவள் சுவரைத் திரும்பிப் பார்ப்பதை மட்டும் விட்டிருந்தார்கள். தியேட்டரே அதிர்ந்தது. பாப்கார்ன் மேலே பறந்தது. அந்தப் பெண் நடு வரிசையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். வெளியே போகிற வழியில் டுவைட் இருந்த வரிசை அருகே நின்று அவனைப் பார்த்தாள். தியேட்டரில் மற்றவர்களுக்கு அது நடிப்பு. குளியலறையில் கேட்டதும் அதே சிரிப்புதான் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மறு வாரம் படிப்பை நிறுத்துவதாக என் அலுவலகத்துக்கு வந்தாள். எனக்கு அப்போது காரணம் தெரியாது.

"இன்னும் ரெண்டு மாசம்தானேம்மா. முடிச்சுட்டுப் போயிடேன்," என்றேன்.

"உங்களுக்கு அது ரெண்டு மாசம், சார்," என்றாள்.

டுவைட் அதே ஆண்டு பெவர்லியைக் கல்யாணம் செய்துகொண்டான். அடுத்த ஆண்டு ஜோலின் பிறந்தாள். அவளுக்கு இரண்டு மூன்று வயது இருக்கும்போது அந்தப் படம் டி.வி.யில் வந்தது. வீட்டு வரவேற்பறைக்கு வருகிற படம் தியேட்டருக்கு வந்த படமாக இருக்காது. எடுக்கும்போதே இதற்கென்று சில காட்சிகளைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். டி.வி. படத்தில் டுவைட் துளையில் கண்ணை வைத்தால் எதிரிக் கல்லூரியின் சின்னமான வெள்ளாடு குளியலறையில் நின்று ஒரு தொப்பியைத் தின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் அவன் சிரிப்பான். பெவர்லி அதைக் காசெட்டில் பதிந்து வைத்தாள். நவம்பரில் நன்றி தெரிவிக்கும் பண்டிகை நாளில் வான்கோழி வெந்துகொண்டிருக்கும்போது அந்தக் காசெட்டைப் போடுவது அந்த வீட்டு வழக்கமாயிற்று. இரவு தூங்கப் போகும்போது ஜோலின், "ஆட்டுச் சிரிப்பு சிரிப்பா" என்பாள். டுவைட் சிரிப்பான். மகளுக்காக மட்டும் சிரிப்பான். இரும்புக் கடையிலோ முடி வெட்டுமிடத்திலோ யாராவது கேட்டால், "தொண்டை சரியில்ல" என்று தப்பித்துவிடுவான்.

தியேட்டர் படத்தைப் பெவர்லிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். சுவருக்குப் பின்னால் அன்று உண்மையாகவே டுவைட் இருந்தான் என்பது அவளுக்கும் தெரியாது.

கல்லூரியில் இதற்கிடையே ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. ஆகஸ்டு கடைசியில் புது மாணவர்கள் வந்து சேரும் வாரத்தில், நூலகச் சுவரில் பெரிய வெள்ளைத் திரை கட்டி, புல்வெளியில் அந்தப் படத்தைப் போடுவார்கள், தியேட்டர் படத்தை. எல்லோரும் உடைக்கு மேலே குளியல் அங்கி போட்டு, கழுத்தில் துண்டோடு வருவார்கள். வசனங்களைக் கூடவே கத்துவார்கள். அந்தப் பெண் வழுக்கி விழுந்ததும் புல்வெளி முழுவதும் டுவைட் மாதிரியே சிரிக்கும். மூத்த மாணவர்கள் புதியவர்களுக்கு முன்கூட்டியே அந்தச் சிரிப்பைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்த வாரம் டுவைட் தவறாமல் விடுப்பு எடுத்து ஏரிக்கரைக்கு மீன்பிடிக்கப் போய்விடுவான். வேலையை விட்டுப் போகிறவனும் இல்லை. ஊழியர்களின் பிள்ளைகளுக்கு எங்கள் கல்லூரியில் இலவசப் படிப்பு. ஜோலினுக்காக அவன் இருந்தான்.

2002 ஆகஸ்டில் ஜோலின் முதலாண்டு சேர்ந்தாள். அந்த வருடம் ஏரிக்குப் போக முடியவில்லை. விடுதிக்கு அவளுடைய பெட்டிகளைத் தூக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புல்வெளியில் படம்.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்று பெவர்லி சமையலறையில் கேட்டாள்.

"இல்ல."

"அவ இத்தனை வருஷமும் ஆட்டை நம்பிக்கிட்டு இருக்கா, டுவைட். முந்நூறு பேரு நடுவுல உக்காந்து அதைப் பாக்கட்டும்னு விட்டுடுவியா?"

"பெட்டியெல்லாம் கொண்டு போனதும் சொல்றேன்."

"நேத்து மெத்தை வாங்கினதும் சொல்றேன்னே."

மகள் தன்னை என்னவென்று நினைப்பாள் என்பதுதான் அவனுக்குப் பயம். வேறு யார் என்ன நினைத்தாலும் அவன் சமாளித்துக்கொண்டிருப்பான்.

விடுதி அறையில் பெட்டிகளை இறக்கிவிட்டு, நன்றாக இருந்த பூட்டைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். ஜோலின் சுவரில் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜோ, வெள்ளிக்கிழமை படம் போடுவாங்கல்ல..."

"ஆமா!"

"அது வந்து, நம்ம காசெட்ல இருக்கற மாதிரி இருக்காது."

"எப்படி இருக்கும்?"

"கொஞ்சம் வேற மாதிரி. அந்த ஆடு இருக்குல்ல..."

ஜோலின் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெத்தையில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா! ஆடு இல்லைன்னு எனக்கு எட்டாங்கிளாஸ்லயே தெரியும். ட்ரேசி வீட்டுல ராத்திரி தங்கினோமே, அவ அண்ணன் காசெட்டை எடுத்துப் போட்டுப் பாத்துட்டோம்."

"பாத்துட்டியா?"

"ஆறு பேரு பாத்தோம். மறுநாள் ஸ்கூல்ல எனக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? உனக்கும் அம்மாவுக்கும் கஷ்டமா இருக்குமேன்னுதான் நான் ஆட்டையே வெச்சுக்கிட்டேன்."

டுவைட் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருடப் பயம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று அந்த நிமிடம் நினைத்ததாக என்னிடம் சொன்னான். நினைத்து முடிப்பதற்குள் மகள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. ஷெல்பின்னு மூணாவது வருஷப் பொண்ணு, படம் போடுற குழுவுக்குத் தலைவி. அவகிட்ட சொல்லிட்டேன், அந்தச் சிரிப்புக்காரரு எங்கப்பாதான்னு. அவ நம்பவே இல்ல. வெள்ளிக்கிழமை உன்னை மேடையேத்துவாங்க, அந்த இடம் வரும்போது நீயே சிரிக்கணும். நேர்ல!"

"வேண்டாம், ஜோ."

"ஏம்ப்பா? எனக்காக. இங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. ஒரே ஒரு தடவை."

அதற்குமேல் அவன் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை நானும் புல்வெளிக்குப் போயிருந்தேன். புது மாணவர்களை வரவேற்பது என் வேலையில் சேர்ந்தது. பிறகு எல்லோரையும்போல மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். குளியல் அங்கிகளும் துண்டுகளுமாக ஒரே கூச்சல். அந்தக் காட்சிக்குச் சற்று முன்னால் ஷெல்பி ஒலிபெருக்கியோடு திரைக்குப் பக்கத்திலிருந்த மேடையில் ஏறினாள்.

"புதுசா வந்திருக்கற பச்சைப் பிள்ளைங்களா! இதுவரைக்கும் நாங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் போலி. இன்னைக்கு அசல் வந்திருக்கு! உங்க ரூம் பூட்டைப் போட்டவரு, ஜோலினோட அப்பா, மிஸ்டர் ஹாஸ்லர்!"

டுவைட் சட்டையைக் கால்சட்டைக்குள் நன்றாகச் செருகிக்கொண்டு மேலே ஏறினான். அவனுக்கும் யாரோ ஒரு துண்டைக் கழுத்தில் போட்டுவிட்டார்கள். ஜோலின் முன்வரிசையில் முழங்காலிட்டு இரு கைகளையும் உயர்த்திக்கொண்டிருந்தாள்.

திரையில் அந்தப் பெண் வழுக்கி விழுந்தாள். எல்லோரும் டுவைட்டைப் பார்த்தார்கள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணின் முகம் ஒரு மாடி உயரத்துக்குச் சுவர்ப்பக்கம் திரும்பியது. இத்தனை வருடங்களில் அந்த இடத்தை அவன் முழுதாகப் பார்த்ததில்லை. தியேட்டரில் அந்த நேரத்தில் நண்பர்கள் அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது இப்போது அவனுக்குத் தெரிந்தது.

அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஒரு கணம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புல்வெளியே சிரித்தது. மூக்குச் சீறல், இழுத்த மூச்சு, கழுதைக் கத்தல், எதுவும் குறையாமல் முந்நூறு தொண்டைகளிலிருந்து வந்தது. அதில் எல்லோரையும் மிஞ்சிக் கேட்டது ஜோலினுடைய குரல். குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அப்படியே அப்பாவின் சிரிப்பு. சிரித்துக்கொண்டே, நீயும் சிரி, நீயும் சிரி என்று அவனுக்குக் கை காட்டினாள்.

டுவைட் கழுத்துத் துண்டை எடுத்து மடித்து மேடை ஓரத்தில் வைத்தான். படிகளில் இறங்கித் திரைக்குப் பின்னால் போய்விட்டான். ஷெல்பி ஒலிபெருக்கியில், "அசலுக்கு மேடைப் பயம்!" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஜோலின் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா பண்ணிட்ட? எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு சிரிப்பு. அவ்வளவுதானே கேட்டேன்?"

"முடியல, ஜோ."

"வீட்டுல மட்டும் முடியும்?"

அவன் தன் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கதவு, சாவி, அவள் சொன்ன நன்றி, கொதிகலன் அறை. ஜோலின் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"நீ அங்க இருந்தது அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"வாசல்ல நீ காவல் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க."

"ஆமா."

"நான் இப்ப அவங்களைப் பாத்துச் சிரிச்சேன்ப்பா. ட்ரேசி வீட்டுல சிரிச்சேன். சின்னப் பிள்ளையா இருக்கும்போதுலேர்ந்து தூங்கறதுக்கு முன்னாடி அதைத்தான் கேட்டுச் சிரிச்சிருக்கேன். என்னையும் அந்தத் துளை முன்னாடி உக்கார வெச்சுட்டியே."

அவள் தான் போட்டிருந்த குளியல் அங்கியைக் கழற்றிச் சுருட்டி வண்டிக்குள் எறிந்தாள்.

"அவங்க எங்க இருக்காங்க?"

டுவைட்டுக்குத் தெரிந்திருந்தது. எப்போதுமே தெரிந்து வைத்திருந்தான். இரண்டு மாவட்டம் தள்ளி, கணவரோடு ஒரு நாற்றுப் பண்ணை நடத்திவந்தார்.

"அப்ப போய்ச் சொல்லு."

"சொன்னா அவங்களுக்குத்தான் மறுபடி வலிக்கும்."

"அது உனக்கு வசதியான பதில்," என்றாள் ஜோலின்.

அன்று இரவே அவன் பெவர்லியிடமும் சொல்லிவிட்டான். அதற்குப் பெவர்லி, "இத்தனை வருஷமும் ஆட்டை நம்பினது நான்தான்போல," என்றாளாம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோலினே வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். பண்ணையில் பூசணிக்காய் வாங்க ஆட்கள் கூடியிருந்தார்கள். ஜோலின் வண்டியிலேயே இருந்துகொண்டாள். வெறுங்கையோடு நிற்கக் கூச்சமாக இருந்ததால் டுவைட் ஒரு சாமந்தித் தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். கல்லாவில் அந்த அம்மாள்தான். தலை நரைத்திருந்தது. தொட்டியைப் பார்த்தார், பிறகு அவன் காதுகளைப் பார்த்தார். பக்கத்திலிருந்த பெண்ணிடம் கல்லாவை விட்டுவிட்டு, உரமூட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் நடந்தார். அவனும் பின்னால் போனான்.

"நான் டுவைட் ஹாஸ்லர்..."

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்."

"அன்னைக்கு நான் சுவருக்குப் பின்னாடி இருந்தேன். நீங்க என்னை நம்பினீங்க. நான் செஞ்சது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நீங்க அங்க இருந்தது தியேட்டர்ல அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இருபது வருஷமா எனக்குத் தெரியும். இப்ப புதுசா என்ன சொல்ல வந்தீங்க?"

அவன் தொட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு மனசு லேசாகணும். அதுக்கு என் கடை திறந்திருக்கற நாளாப் பாத்து வந்திருக்கீங்க."

"அப்படி இல்லம்மா..."

"வண்டியில யாரு?"

"என் பொண்ணு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என் பசங்களுக்குத் தெரியாது," என்றார். "ரெண்டு பேரும் அதோ பூசணிக்கா தூக்கிக்கிட்டு இருக்காங்க. அந்தப் படத்துல இருக்கறது நான்தான்னு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. நீங்க இங்க நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் எனக்குப் பக்குபக்குன்னு இருக்கு. உங்களுக்கு ஏதாவது செய்யணும்னு இருந்தா, இனிமே வராதீங்க. தொட்டியை அங்கேயே வெச்சுடுங்க."

அவன் தொட்டியை வைத்துவிட்டுத் திரும்பினான். நடந்துபோகும்போது பூசணிக்காய் ஏற்றிக்கொண்டிருந்த மகன் ஒருவன், "எல்லாம் கிடைச்சுதா, சார்?" என்று மரியாதையாகக் கேட்டான். டுவைட் தலையை ஆட்டிவிட்டு வந்து வண்டியில் ஏறினான்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் ஜோலின்.

"வராதேன்னு சொன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அவங்க சொன்னது சரி."

ஜோலின் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு பண்ணையைப் பார்த்தாள். போகச் சொன்னது அவள்தான். அதனால் அந்த அம்மாளுக்கு இன்னொரு கெட்ட நாளைக் கொடுத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று இன்றுவரை சொல்கிறாள். இந்த வரியைத்தான் என் எழுத்தில் சேர்க்கச் சொன்னாள். அப்பா இயக்குநரைக் குறை சொல்லவில்லை, அதையும் எழுதுங்கள் என்றாள். மேலே எழுதியிருக்கிறேன்.

பாதி வழியில் சோள வயல்களுக்கு நடுவே அவள் கேட்டாள்.

"அப்பா, என்கிட்ட நீ சொல்லாதது இன்னும் ஏதாவது இருக்கா?"

"இல்ல, ஜோ."

"நிஜமா?"

"நிஜமா."

அது உண்மை என்பதே என் அபிப்பிராயம். டுவைட்டை நான் நாற்பது ஆண்டுகள் அறிவேன். அவனிடம் அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஜோலின் சரி என்று தலையாட்டினாள். ஆனால் ஆட்டுவதற்கு முன்னால் அவன் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். அதற்கு முன் அவள் தன்னை அப்படிப் பார்த்ததே இல்லை என்று டுவைட் பின்னால் என்னிடம் சொன்னான். அதன் பிறகு, நல்ல செய்தி சொன்னாலும்கூட, அப்படிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாளாம்.